பொதுப் படிக்கட்டும் ஒரு மாடிச் சாவியும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் மேனேஜர் வேலை பார்ப்பது என்றால், யாருக்கும் சொந்தமில்லாத இடங்களுக்கெல்லாம் ஒற்றை ஆளாகச் சொந்தம் கொண்டாடுவது. வீட்டு நிலைப்படி வரைக்கும் அவரவர் ராஜ்ஜியம். அதைத் தாண்டி இருக்கிற நடை, படிக்கட்டு, லிஃப்ட், மீட்டர் அறை, மொட்டை மாடி அத்தனையும் பொது. பொது என்றால் எல்லாரும் சாமான் வைக்கலாம், எடுக்கச் சொல்வதற்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும் என்று பொருள். எங்கள் கட்டடத்தில் அந்த ஆள் நான்.

பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பக்கம் போகிற சாலையில் இருக்கிறது கட்டடம். கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே ஐந்து மாடி, முப்பது வீடு. ஒரே ஒரு லிஃப்ட், ஒரே ஒரு படிக்கட்டு. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தேன். அங்கே அடுத்தவர்கள் பிரித்துப் போட்டதை மடித்து வைத்தேன். இங்கே அடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போனதை எடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சேலை திருப்பிப் பேசாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஒருமுறை தீயணைப்பு அலுவலர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். படிக்கட்டில் பொருள் கூடாது, மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு கூடாது, மீட்டர் அறையில் ஒரு துரும்பு கூடாது என்று மூன்று விஷயம் சொன்னார். மூன்றையும் நோட்டீஸாக அடிக்கக் கொடுத்தேன். ஐந்நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்றார்கள் அச்சகத்தில். வீட்டுக்கு ஒன்று கொடுத்து, மாடிக்கு இரண்டு ஒட்டி, மிச்சத்தைக் கட்டுக் கட்டாகக் கட்டி ஓரமாய் வைத்தேன். என்னைப் போலவே மாட்டிக்கொண்டிருக்கும் மேனேஜர்களுக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர்களுக்கும் அதன் பிறகு நடந்தது புதிதாக இருக்காது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறும்.

வாளியில் முளைத்தது

மாடிக்கு ஒன்றாக ஐந்து சிவப்பு வாளிகள், நிறைய மணலோடு லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். ஓர் ஆடி மாதம் இரண்டாம் மாடி வாளியை யாரோ துணி போட்டு மூடியிருந்தார்கள். குப்பையைக் கொட்டி மறைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் துணியைத் தூக்கினேன். உள்ளே விரல் நீளத்துக்கு இளமஞ்சளாய் முளை விட்டு நின்றது. அந்த மாடியில் குடியிருக்கும் பேச்சியம்மாள் மதினி முளைப்பாரி போட்டிருந்தாள்.

அவளுடைய ஊரில் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழா. முளைப்பாரி வெளிச்சம் படாத இடத்தில்தான் வளர வேண்டும். வீட்டில் எல்லா அறைக்கும் சன்னல் வைத்துக் கட்டிவிட்டார்கள், லிஃப்ட் மூலை ஒன்றுதான் எந்நேரமும் இருட்டாய்க் கிடக்கிறது என்றாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது, அங்கே பல்பு போடச் சொல்லி நானே மூன்று சங்கக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். பாதி மணலைச் செடித்தொட்டியில் கொட்டிவிட்டு, மீதியில் வறட்டியை நொறுக்கிக் கலந்திருந்தாள். தீயை அணைக்க வைத்த வாளியில் அடுப்பெரிக்கிற வறட்டியைப் போட்டு வைத்த கட்டடம் வேறெங்கும் இருக்காது.

முளை விட்ட பாரியைக் கலைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும், நானும் இந்த ஊர்க்காரிதான். பாரி எடுக்கிற வரைக்கும் தீப் பிடித்தால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன். மதினி துணியைப் பைய இழுத்து மூடிக்கொண்டே சொன்னாள்: "கொடை முடியுற வரைக்கும் அம்மன் பாத்துக்கிடுவா. அதுக்குப் பொறவு நீ பாத்துக்கோ."

பட்டை போட்ட சிலிண்டர்

காவலுக்கு இருக்கிற சுடலைமுத்து அண்ணன் பயபக்தியான மனுஷர். ஆயுத பூஜை அன்று காலையில் நான் வருவதற்குள் கட்டடத்தில் இருந்த எல்லா இரும்புக்கும் சந்தனம் வைத்திருந்தார். மோட்டாருக்கு, கேட்டுக்கு, லிஃப்ட் கதவுக்கு, என் மேசை மேல் இருந்த பஞ்ச் மெஷினுக்கு. தீயணைக்கும் சிலிண்டர்களுக்கு மட்டும் தனிக் கவனிப்பு. ஒவ்வொன்றுக்கும் மூன்று விரலால் பெரிய திருநீற்றுப் பட்டை, நடுவில் குங்குமம், கழுத்தில் கதம்பச் சரம். பட்டை போட்ட இடம் சரியாக, சிலிண்டரை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்த இடம். கதம்பச் சரம் சுற்றியிருந்தது, அவசரத்துக்குப் பிடுங்க வேண்டிய ஊசியை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுத்தே தெரியவில்லையே, ஆபத்து சமயத்தில் எப்படி வாசிப்பது என்று சத்தம் போட்டேன். அவர் சரத்தை அவிழ்த்தார், பட்டையை மட்டும் துடைக்க மறுத்துவிட்டார். சரி போகட்டும் என்று, எழுதியிருந்ததை நான் வாயால் சொல்லச் சொல்ல அவரைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். ஊசியைப் பிடுங்கு, தீயின் அடியைப் பார்த்துப் பிடி, அமுக்கு, வீசு. பத்து தடவை சொன்னதும் அவருக்கு அது பாட்டு மாதிரி வந்துவிட்டது. அன்று முழுக்க கேட்டில் உட்கார்ந்து முனகிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் நான் கிளம்பும்போது நியாயத்தையும் சொல்லி அனுப்பினார்: "இத வாசிச்சு முடிக்கதுக்குள்ள கட்டடமே போயிருமே மேடம். வாயில இருந்தாத்தான் கையில வரும்."

தம்மாம் பெட்டிகள்

மூன்றாம் மாடி கதீஜா மாமியின் மகன் தம்மாமில் வெளிநாட்டு வேலையில் இருக்கிறான். அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் நீலக் கயிறு சுற்றிய அட்டைப் பெட்டிகளும் வரும். தங்கச்சி கல்யாணத்துக்கான கம்பளியும் பீங்கானும் துணிமணியும் அதில் இருக்கின்றன. கல்யாணம் இன்னும் கூடி வரவில்லை என்பதால் பெட்டிகள் பிரிக்கப்படாமல், அவள் வீட்டுக்கு மேலே ஏறுகிற படிக்கட்டுத் திருப்பத்தில் கைப்பிடியை ஒட்டி ஆள் உயரத்துக்கு நின்றன.

அந்தக் கைப்பிடிதான் எனக்குக் கவலை. நான்காம் மாடியில் செல்வி இருக்கிறாள். சின்ன வயதிலேயே போலியோ வந்து வலது காலில் பலமில்லை. தனியாக இருந்து தையல் தைக்கிறாள். லிஃப்ட் நின்றுபோனால் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு படிக்கு ஒரு மூச்சு விட்டு இறங்குவாள். பெட்டி மறிக்கிற இடத்தில் அவளுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை; உட்கார்ந்து உட்கார்ந்து நகர வேண்டும். கட்டடத்துப் பெண்கள் அத்தனை பேருடைய ரவிக்கை அளவும் அவளுக்கு மனப்பாடம். அவள் கை எங்கே பிடிக்கும் என்பது எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்கே ஒருநாள் லிஃப்ட் பழுதானபோதுதான் தெரிந்தது.

மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு உண்மையிலேயே வருத்தமாகப் போய்விட்டது. "யா அல்லா, அந்தப் புள்ளைய நெனைக்காமப் போயிட்டேனே" என்று அப்போதே ஆள் வைத்துப் பெட்டிகளைக் கைப்பிடி பக்கமிருந்து எதிர்ச் சுவர்ப் பக்கம் மாற்றினாள். கைப்பிடி கிடைத்துவிட்டது. மீதியிருந்த வழியில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். மற்றவர்கள் எப்படிப் போவார்கள் என்று கேட்டேன். மாமி சிரித்தாள்: "செல்வி புள்ளைக்குப் பிடிச்சுப் போக வழி விட்டாச்சு. இனி இங்கன யாரு வரப்போறா, மாப்பிள்ளை ஊர்வலமா?"

இடுப்பில் இருக்கிற சாவி

ஐந்தாம் மாடி ஆறுமுகம் அண்ணாச்சிக்குக் கருப்பட்டி வியாபாரம். செவ்வாய்க்கிழமைதோறும் காலை பஸ்ஸில் உடன்குடிக்குப் போய்ச் சரக்குப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். அவர் வீட்டுக்கு மேலே மொட்டை மாடி. அங்கே அவர் மனைவி பாக்கியம் மதினி கூழ்வத்தலும் மோர்மிளகாயும் காயப்போடுவாள். ஒரு தடவை ஒரு முறம் மோர்மிளகாய் காணாமல் போனது. காக்காயா ஆளா என்று கடைசிவரை தெரியவில்லை. அண்ணாச்சி மறுநாளே மாடிக் கதவுக்குத் தன் செலவில் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கிப் போட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆக, அவர் குளித்தால் சாவியும் குளிக்கும். அவர் உடன்குடிக்குப் போனால் சாவியும் போகும்.

நான் நோட்டீஸைக் காட்டினேன். கூட்டத்தில் பேசினேன். கீழே புகை மூண்டால் மேல் வீட்டுக்காரர்கள் இறங்க முடியாது, மாடிக்குத்தான் ஏற வேண்டும், புகையெல்லாம் படிக்கட்டு வழியாகத்தான் மேலே வரும் என்று அலுவலர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அண்ணாச்சி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவர் யாரையும் எடுத்தெறிந்து பேசுகிறவர் இல்லை, அதனால்தான் அவரோடு சண்டை போடவும் முடியவில்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தீ கீழ பிடிச்சா எந்தக் கூறுகெட்டவனாவது மேல ஏறுவானா மேனேஜரம்மா? கீழ எறங்கி ஓட வேண்டியதான?"

ஒத்திகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை வைத்தேன். மணி அடித்ததும் எல்லாரும் படிக்கட்டு வழியாகக் கீழே வந்துவிட வேண்டும், லிஃப்டைத் தொடக் கூடாது என்று முதல் நாளே வீடு வீடாகச் சொல்லியிருந்தேன். மணி அடித்தது. முதல் ஐந்து நிமிடம் யாரும் வரவில்லை. பிறகு லிஃப்ட் வந்தது. அதிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். அடுத்த தடவை வந்த லிஃப்டில் எட்டு பேர். பேச்சியம்மாள் மதினி பால்கனியில் நின்றபடியே, எல்லாரும் வந்த பிறகு கூப்பிடு, அடுப்பில் இட்லி கிடக்கிறது என்று சொல்லிவிட்டாள். முடிந்ததும் டிஃபன் உண்டா என்று கேட்டவர்கள் இரண்டு பேர். இதில் ஒருவர் சங்கத் தலைவர்.

படிக்கட்டு வழியாக வந்தது செல்வி மட்டும். நாங்கள் எல்லாரும் கீழே நாற்காலி போட்டுப் பேசி, காப்பி குடித்து, கலைய ஆரம்பிக்கிற நேரத்தில் கடைசிப் படியில் அவள் கால் தெரிந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. கைப்பிடியின் துரு உள்ளங்கை முழுக்க. எனக்கு வெட்கமாக இருந்தது. லிஃப்டில் வந்த பதினேழு பேரைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? அவளுக்காகத்தான் இத்தனை நோட்டீஸும் என்று சொல்லிக்கொண்டு, அவளையே நான்கு மாடி இறங்க வைத்திருக்கிறேன். தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நான் எறங்கி வாரதுக்குள்ள தீயே சலிச்சுப் போயி அணைஞ்சிரும்க்கா. நெசத்துல வந்தா எனக்கு மேல போறதுதான் பக்கம்."

செவ்வாய்க்கிழமை

அடுத்த மாதமே நிஜத்தில் வந்தது. காலை பதினொரு மணி இருக்கும். ஆண்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருந்த நேரம். மீட்டர் அறை எங்கள் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது, கரண்ட் போனது, அறைக் கதவிடுக்கில் கறுப்பாய்ப் புகை வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது படிக்கட்டில் ஏற ஆரம்பித்தது. யாரோ அதற்கு வழி சொல்லிக் கொடுத்த மாதிரி, நேராகத் திருப்பத்துக்குத் திருப்பம் ஏறியது.

சுடலைமுத்து அண்ணன் பட்டை போட்ட சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "ஊசியப் பிடுங்கு, தீயோட அடியப் பாத்துப் பிடி" என்று அவர் கத்துவது கேட்டது. நான் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, செல்விக்குப் போன் போட்டேன். கீழே வராதே, புகை ஏறுகிறது, லிஃப்டும் நின்றுவிட்டது, மேலே போ, மாடிக்குப் போ என்றேன். சரிக்கா என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அன்று செவ்வாய்க்கிழமை என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருப்பவள் எப்படி எடுப்பாள்? பூட்டிய கதவுக்கு முன்னால், புகை வந்து சேரும் இடத்துக்கு அவளை நானே அனுப்பியிருக்கிறேன். ஆறுமுகம் அண்ணாச்சிக்குப் போட்டேன். உடன்குடிச் சந்தை இரைச்சலுக்கு நடுவே, நான் சாவி என்று சொன்னதும் அவர் சந்தோஷமாகவே பதில் சொன்னார், "சாவி என் இடுப்புலதான் பத்திரமா இருக்கு, கவலப்படாதீய." போனை வைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் ஓடினேன். முதல் திருப்பத்துக்கு மேல் போகப் புகை விடவில்லை. இருமிக்கொண்டு திரும்பி வந்தேன். ஒன்றாம் இரண்டாம் மாடிக்காரர்கள் முன்னமே இறங்கி ஓடி வந்து வெளியே நின்றிருந்தார்கள். மேல் மாடிக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. வெளியே வந்து கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

மொட்டை மாடிச் சுவருக்கு மேலே முதலில் தெரிந்தது பாக்கியம் மதினியின் தலை. அதற்குப் பிறகு இரண்டு மூன்று தலைகள். அப்புறம் கழுத்தில் இஞ்சு டேப்போடு செல்வி. கையை ஆட்டினாள். நான் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதேன், சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. கடைசியாக கதீஜா மாமி வந்து சேர்ந்தாள். புகை இருட்டில் தன்னுடைய பெட்டிகளுக்கும் கைப்பிடிக்கும் நடுவே அவளே சிக்கி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன.

தீயணைப்பு வண்டி வந்தபோது தீ அணைந்திருந்தது. சுடலைமுத்து அண்ணன் உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியோடு, தானே ஒரு பட்டை போட்டுக்கொண்ட மாதிரி நின்றார். மீட்டர் அறையில் எரிவதற்கு என்ன இருந்தது என்று அலுவலர் கேட்டார். ஒரு துரும்பும் இல்லை, நான் வைக்க விடுவதே இல்லை என்று நிமிர்ந்து சொன்னேன். அண்ணன் கரிந்துபோன காகிதக் கட்டு ஒன்றை வெளியே இழுத்துப் போட்டார். நடுவில் இருந்த தாள்கள் மட்டும் கருகாமல் இருந்தன. 'மீட்டர் அறையில் எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது' என்று அச்சடித்தது நன்றாகவே வாசிக்க முடிந்தது. நான் ஓரமாய் வைத்த கட்டுகள். பூட்டக்கூடிய பொது அறை அது ஒன்றுதானே என்று நானேதான் அங்கே வைத்தேன். அலுவலர் என்னைப் பார்த்தார். அண்ணன் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவரிடம் சொன்னார்: "வேற யாரு சாமானும் இல்ல சார். எரிஞ்சது பூரா நம்ம நோட்டீஸுதான்."

சாயங்கால பஸ்

அண்ணாச்சி வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கினார். விஷயம் வழியிலேயே எட்டியிருந்தது. முகம் வெளுத்துப்போய், படிக்கட்டில் கரி படிந்த சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஐந்து மாடியும் ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். மாடிக் கதவு திறந்து கிடந்தது. பூட்டு உடைபடாமல், ஒழுங்காகத் திறந்து கொண்டியில் தொங்கியது. அதில் ஒரு சாவி இருந்தது. அண்ணாச்சி இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். அங்கேயும் சாவி இருந்தது.

செல்வி ஐந்தாம் மாடி ஏறி வந்தபோது, பாக்கியம் மதினி பருப்பு டப்பாவுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடியிருக்கிறாள். திறந்துவிட்டு, திரும்ப இறங்கி வந்து, செல்வியைத் தோளில் சாய்த்து ஏற்றியிருக்கிறாள். இதையெல்லாம் செல்விதான் சொன்னாள். மதினி கரி விழுந்த கூழ்வத்தலைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார், இந்தச் சாவி உனக்கு எப்போது வந்தது என்று. மதினி தலையைத் தூக்கவே இல்லை: "போன ஐப்பசியில நீங்க உடன்குடிக்குப் போன அன்னைக்கு மழை வந்துட்டு. ஏழு படி அரிசி வத்தலும் நனைய நனைய, நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டுல்லா நின்னேன். மறுநாளே சாவிக்காரன வரவழைச்சு, பூட்டப் பாத்தே போலிச் சாவி அடிச்சுட்டேன்."

இப்போது அந்தக் கதவில் பூட்டு இல்லை, உள்ளேயிருந்து யாரும் தள்ளித் திறக்கிற கொண்டி மட்டும் இருக்கிறது. வத்தலுக்குக் காக்காய் வராமல் செல்வி ஒரு வலை தைத்துக் கொடுத்திருக்கிறாள். மீட்டர் அறை காலியாக இருக்கிறது, நானும் இன்னொரு தடவை நோட்டீஸ் அடிக்கவில்லை.

தீப் பாதுகாப்புக்கு என்ன செய்யலாம் என்று வேறு கட்டடத்து மேனேஜர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதல் காரியமாக மேல் மாடியில் வத்தல் போடுகிற ஒரு குடும்பத்தைக் குடிவையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.